காலர் அக்கா சொன்ன பொய்

எங்கள் மருத்துவக் கல்லூரியில் இறுதித் தேர்வு நெருங்கும்போது மாணவர்களுக்கு முன்னால் எனக்குப் பரீட்சை ஆரம்பித்துவிடும். பொது மருத்துவ வார்டில் நான் நர்ஸ். செய்முறைத் தேர்வுக்கு நோயாளிகளைத் தேடிப்பிடித்து, சம்மதம் வாங்கி, அன்று காலையில் கட்டிலில் கொண்டுவந்து படுக்கவைப்பது என் பொறுப்பு. மாணவருக்கு ஒரு நோயாளி, அரை மணி நேரம். பேசி, தொட்டு, தட்டி, கேட்டு, என்ன நோய் என்று கண்டுபிடித்துத் தேர்வாளர்களிடம் சொல்ல வேண்டும். நோயாளி தன் நோயின் பெயரை மட்டும் சொல்லிவிடக் கூடாது. மற்றபடி கேட்ட கேள்விக்கு உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்.

அந்த அரை மணி நேரத்துக்காக வருடக்கணக்காகப் படித்த பிள்ளைகள் அன்று படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது. வெள்ளைக் கோட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டுக்கொண்டு வருவார்கள். கழிப்பறையில் போய் வாந்தி எடுத்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவார்கள். ஒருவன் இதே வார்டில் ஒரு வருடம் சுற்றியவன், என்னைப் பார்த்து, "சிஸ்டர், இது எந்த வார்டு?" என்று கேட்டான். சிரிக்கவும் முடியாது.

காலர் அக்கா அந்தத் தேர்வுகளுக்குப் பதினோரு வருடம் வந்தவர். பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் சட்டைக் காலர் மட்டும் தைப்பது அவர் வேலை. உடம்பை ஒருவர், கையை ஒருவர் தைத்து வைப்பார்கள். காலர் இவரிடம் வரும். அதனால் மாணவர்கள் வைத்த பெயர் அது. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர்தான். ஆனாலும் ஊரே அக்கா என்றதில் எனக்கும் அக்காவாகிவிட்டார்.

அவருக்குப் பதினொரு வயதில் காய்ச்சல் வந்தது. கைகால் மூட்டெல்லாம் வீங்கிப் படுத்துவிட்டு எழுந்தபோது, காய்ச்சல் இதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. பத்தொன்பது வயதில் அதைக் குழாய் விட்டுக் கொஞ்சம் திறந்துவிட்டார்கள். சத்தம் மட்டும் போகாமல் தங்கிவிட்டது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால், இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னால், தூரத்தில் வண்டி உருளுவதுபோல் ஒரு முனகல் கேட்கும். தேர்வாளர்களுக்கு அது பொன்னான முனகல். அவருக்கோ, கல்யாணம் என்ற பேச்சையே வீட்டில் எடுக்கவிடாமல் செய்த முனகல். பெற்றோர் போனபின் அண்ணன் வீட்டில் இருந்தார். அண்ணி நல்ல மனுஷி. மாத்திரையை மறந்தால் திட்டுவார், மாடிப்படி ஏறினால் திட்டுவார். "எங்க வீட்ல எனக்குச் செல்லப்பேரு 'பாத்து'. பாத்து, பாத்துன்னே கூப்பிடுவாங்க" என்று அக்கா ஒருநாள் சொல்லிச் சிரித்தார்.

தேர்வு முடிந்ததும் என் அறையில் உட்கார்ந்து டீ குடித்தபடி அன்றைய பிள்ளைகளைப் பற்றிச் சொல்வார்.

"அந்த ஒல்லிப் பையன் இருக்கானே சிஸ்டர், ஸ்டெதாஸ்கோப்பைக் காதுல மாட்டவே மறந்துட்டான். ஆனா கண்ணை மூடிக்கிட்டு ரொம்ப நேரம் கேட்டான்."

"நீங்க சொல்லியிருக்கலாம்ல?"

"பேசக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர்கள் கையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். பயந்தவர்களின் கை ஈரமாக இருக்குமாம். பயம் வெளியே தெரியக் கூடாது என்று நினைப்பவர்களின் கை அளவுக்கு மீறி அழுத்துமாம்.

அந்த வருடம் தேர்வுக்கு வந்தவர்களில் ஒரு பெண் மூன்றாவது முறையாக எழுதினாள். சிறு ஊர்ப் பெண். அம்மா தனியாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்துப் படிக்கவைத்தார். எழுத்துத் தேர்வில் எப்போதும் நல்ல மதிப்பெண். செய்முறையில்தான் விழுந்தாள். முதல் தடவை கை நடுங்கி, முழங்காலைத் தட்டிப் பார்க்கும் சுத்தியலைத் தேர்வாளரின் காலிலேயே போட்டாள். அன்றிலிருந்து கூடப் படித்தவர்கள் அவளை "நடுக்கம்" என்று கூப்பிட்டார்கள். இரண்டாம் தடவை நோயைச் சரியாகச் சொல்லிவிட்டாள். தேர்வாளர் வழக்கம்போல், "உறுதியா?" என்று கேட்டார். அந்த ஒரு வார்த்தையில் ஆள் காலி. "இல்ல சார்" என்று சொல்லி, இல்லாத நோயை எல்லாம் அடுக்கினாள்.

மூன்றாம் தடவைக்கு அவள் தயாரான விதத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். இரண்டு மாதம் தினமும் காலை ஆறு மணிக்கு வார்டுக்கு வந்தாள். புத்தகம் எடுத்து வரமாட்டாள். நோயாளியிடம் கேட்டுக்கொண்டு, இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கி, நிதானமாக மூச்சு விட்டுவிட்டுத்தான் தொடுவாள். தான் கண்டதைச் சத்தமாகச் சொல்வாள். நான் கேஸ் ஷீட்டைப் பார்த்து ஆமாம், இல்லை என்று சொல்ல வேண்டும். நடுநடுவே அவளே என்னை, "உறுதியான்னு கேளுங்க சிஸ்டர்" என்பாள். நான் என்னால் முடிந்த அளவு குரலைக் கடுமையாக்கிக்கொண்டு, "உறுதியா?" என்பேன். முதல் வாரம் அதற்கே உதடு துடித்தது. ஆறாவது வாரத்தில், "உறுதி சார்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். சார் என்றதில் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

தேர்வு நாள் காலை மற்றவர்கள் வராந்தாவில் கும்பலாக நின்று ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக் கொன்றுகொண்டிருந்தார்கள். இவள் அந்தப் பக்கமே போகவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"தூங்கினியா?" என்றேன்.

"ஏழு மணி நேரம் சிஸ்டர். கடைசி நேரத்துல அவங்க கேக்கறதெல்லாம் விஷம். காதுல வாங்கினா போச்சு." பழத்தோலைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "இந்தத் தடவை என் கை என்ன சொல்லுதோ அதைத்தான் நம்பப் போறேன்."

அவளுக்குச் சீட்டில் விழுந்த நோயாளி காலர் அக்கா. எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. தெளிவான கேஸ், பதறாத நோயாளி. பெண் நோயாளி என்பதால் திரைக்குள் நானும் நின்றேன்.

அழகாக ஆரம்பித்தாள். கேள்விகள் வரிசையாக வந்தன. கையைத் தேய்த்துக்கொண்டாள். நாடி பார்த்தாள், கழுத்து நரம்பைப் பார்த்தாள். இதயம் எந்த இடத்தில் விரலுக்குத் தட்டுகிறது என்று பார்க்க இடது மார்பைச் சற்று மேலே ஒதுக்கிக் கை வைக்க வேண்டும். வைத்தாள். கை நின்றது.

ஒரு நொடி நகர்த்தினாள். மறுபடி அதே இடத்துக்கு வந்தாள்.

"அக்கா, இங்க வலிக்குதா?"

"இல்லம்மா."

"இது எவ்வளவு நாளா இருக்கு?"

"அங்க ஒண்ணும் இல்லம்மா. எப்பவும் அப்படித்தான்."

அவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டாள், குறித்துக்கொண்டாள், போர்வையை இழுத்து மூடிவிட்டாள்.

தேர்வாளர்கள் இரண்டு பேர் வந்தார்கள். கேள்வி கேட்டவர் வெளிக் கல்லூரியிலிருந்து வந்த பேராசிரியர். அவள் நிமிர்ந்து நின்று சொன்னாள். சின்ன வயதுக் காய்ச்சல், சுருங்கிய வால்வு, என்ன சத்தம், எந்த இடத்தில் என்று ஒன்றுவிடாமல். அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

"வேற ஏதாவது?"

"இடது மார்புல ஒரு கட்டி இருக்கு சார். கீழ்ப்பக்கம். கோலிக்குண்டு அளவு. கெட்டியா இருக்கு, நகரல."

அவர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். "இதுல அப்படி எதுவும் இல்லையே? உங்களை இதயத்தைப் பாக்கத்தானே சொன்னோம்?"

"ஆமா சார். கைக்குத் தட்டுப்பட்டுச்சு."

அவர் கட்டில் பக்கம் திரும்பினார். "ஏம்மா, மார்ல கட்டி கிட்டி ஏதாவது இருக்கா?"

"இல்லைங்க ஐயா."

"இதுக்கு முன்னால?"

"அப்படி எதுவும் கிடையாதுங்க."

அவர் அவளைப் பார்த்தார். "உறுதியா?"

அவள் காலர் அக்காவைப் பார்த்தாள். அக்கா கூரை மின்விசிறியைப் பார்த்தார். அவள் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

"தெரியல சார்" என்றாள்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகச் சரிந்தது. வால்வு சுருக்கமா கசிவா என்றதற்கு, ஐந்து நிமிடம் முன்னால் சரியாகச் சொன்னதை விட்டுவிட்டு, கசிவு என்றாள். மருந்து கேட்டார்கள். கசிவுக்கான மருந்தைச் சொன்னாள். "போதும்மா, போகலாம்" என்றார் கூட இருந்தவர்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டால், திரைத்துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நான் ஒருதடவை பாக்கட்டுமா சார்?" என்று ஒரு வார்த்தை போதும். தேர்வு நேரத்தில் நர்ஸ் குறுக்கே பேசுவது வழக்கமில்லை. நானும் பேசவில்லை. அன்று டீ வைத்தபோது காலர் அக்கா தலை வலிக்கிறது என்று சொல்லிக் குடிக்காமல் போய்விட்டார்.

முடிவு வந்தது. அவள் தேறவில்லை. விடுதியிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட வரவில்லை.

அந்தப் பழைய காய்ச்சல் திரும்பாமல் இருக்கக் காலர் அக்காவுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி உண்டு. அந்த வாரம் வந்தவர் கையை நீட்டுவதற்கு முன் கேட்டார்.

"அந்தப் பொண்ணு பாஸா சிஸ்டர்?"

"இல்லக்கா. மூணாவது தடவையும் போச்சு."

ஊசியை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அவர் எழுந்து நின்றிருந்தார். "கதவைச் சாத்துங்க" என்றார். சாத்தினேன். ரவிக்கை ஊக்கைக் கழற்றினார்.

அவள் சொன்ன இடத்திலேயே இருந்தது. சொன்ன அளவில்தான் இருந்தது. நகரவில்லை.

"எத்தனை நாளா?"

"நாலஞ்சு மாசம் இருக்கும். குளிக்கும்போது பட்டுச்சு."

"அப்புறம் ஏங்க்கா இல்லைன்னீங்க? அந்தப் பொண்ணு..." ஊசித் தட்டை மேசைமேல் ஓங்கி வைத்தேன்.

"ரெண்டு ஆம்பளைங்க நிக்கறாங்க. திடீர்னு கேக்கறாங்க. இருக்குன்னு சொல்லிட்டா அது நிஜமாயிடும்ல சிஸ்டர்?" மெதுவாக ஊக்கை மாட்டினார். "ஒரு நோயோட முப்பது வருஷமா அந்த வீட்ல இருக்கேன். அண்ணி ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல. இப்ப இன்னொண்ணைத் தூக்கிட்டுப் போய் எப்படி நிப்பேன்? யாருக்கும் தெரியாம அப்படியே இருந்துட்டுப் போயிடலாம்னு நெனச்சேன். அந்தப் புள்ள கை வச்சதும் கண்டுபிடிச்சிடுச்சு. என்ன ஒரு இதமான கை. அதைப் போய்ப் பொய்யாக்கிட்டேனே."

அன்றே அறுவைப் பிரிவுக்கு அழைத்துப் போனேன். புற்று என்று உறுதியானது. அண்ணியிடம் சொல்லும்போது, ஊசி போடுகையில் நான் பார்த்ததாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அண்ணி மருத்துவமனை வராந்தாவிலேயே சத்தம் போட்டார்: "என்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லப்போற? நான் என்ன வேத்தாளா?" திட்டிக்கொண்டே அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அக்கா அதற்குத்தான் இத்தனை நாள் பயந்திருக்கிறார் என்று அப்போது நினைத்தேன். திட்டுக்கு இல்லை, அந்தத் தோளுக்கு.

அறுவைக்கு இரண்டு நாள் முன்பு, எங்கள் துறைத் தலைவரைப் பார்க்க வேண்டும் என்றார். நானே கூட்டிப்போனேன். நின்றுகொண்டே நடந்ததைச் சொல்லி, "தப்பு என்னோடதுங்க. அந்தப் பொண்ணுக்கு மார்க் போடுங்க" என்றார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"உக்காருங்கம்மா. முடிவு வெளியான பிறகு யாராலயும் மாத்த முடியாது. இன்னொண்ணும் சொல்லணும். அந்தக் கட்டிக்காக அவளை ஃபெயிலாக்கல. அதுக்கப்புறம் சொன்ன பதிலுக்காக ஃபெயிலாயிட்டா."

"அதுக்கப்புறம் அவ பதில் சொன்னதே என்னாலதானேங்க?"

அவர் எழுந்து வாசல்வரை கூடவே வந்தார்.

அந்தப் பெண்ணின் எண் என்னிடம் இருந்தது. அக்காவே பேச வேண்டும் என்றார். இரண்டாம் முறை அடித்தபோது எடுத்தாள். பின்னால் ஜெராக்ஸ் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"நான்தான்மா, காலர் தைக்கறவ. நீ சொன்னது உண்மை. கட்டி இருந்துச்சு. தெரிஞ்சேதான் இல்லைன்னு சொன்னேன்."

இயந்திரச் சத்தம் நின்றது.

"பயாப்ஸி எடுத்தாங்களா?" என்றாள். "அக்குள்ல பரவியிருக்கா? இதயத்துக்கு ஒத்துக்காத மருந்து ஒண்ணு இருக்கு, வால்வு பத்தி டாக்டர்கிட்ட சொல்லிட்டாங்களா?" கேட்டதெல்லாம் அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் அக்கா பதில் சொன்னார்.

"நீ மறுபடி எழுதணும்மா."

"இல்லக்கா. நான் தொட்டுப் பார்த்தேன். விரல் நுனியில இருந்துச்சு. நீங்க இல்லைன்னதும் என் கையை நானே நம்பல. நாளைக்கு ஒரு நோயாளி இல்லைன்னா விட்டுட்டு வந்துடுவேன். அப்படிப்பட்டவ டாக்டரா இருக்கக் கூடாது." கொஞ்சம் நிறுத்தினாள். "கடைக்கு ஆள் வந்திருக்காங்க. வைக்கறேன்க்கா."

அறுவை முடிந்தது. மருந்து ஏற்றியதில் முடி கொட்டியது. தலையில் துணி கட்டிக்கொண்டு, முடிந்த நாட்களில் கடைக்குப் போனார். அடுத்த தேர்வு வந்தபோது, பெயர்ப் பட்டியலைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். அவள் பெயர் இல்லை. அந்தத் தேர்வில் காலர் அக்காவையும் நான் சேர்க்கவில்லை. இனி அவர் அரை மணி நேரம் ஒருக்களித்துப் படுக்கும் நிலையில் இல்லை.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து மூச்சுத் திணறலோடு எங்கள் வார்டிலேயே சேர்ந்தார். பழைய வால்வுதான் காரணம் என்று எல்லோரும் நினைத்தோம். நீர் போக மருந்து கொடுத்தும் குறையவில்லை. உட்கார்ந்தபடியே இரவுகளைக் கழித்தார். நான் அந்தப் பெண்ணுக்கு ஒரு வரி செய்தி அனுப்பினேன். வருவாள் என்று நினைத்து அனுப்பவில்லை.

மறுநாள் மதியம், அண்ணி சாப்பாடு எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்த நேரம், வந்து நின்றாள். இளைத்திருந்தாள். விரலில் மைக்கறை.

"பாக்கலாமாக்கா?"

அக்கா தலையாட்டினார். அவள் கையைத் தேய்த்துக்கொண்டாள். யாரும் மணி பார்க்கவில்லை. தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். முதுகில் விரலை வைத்துத் தட்டிக்கொண்டே கீழே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"இடது பக்கம் கீழ காத்தே போகல சிஸ்டர். தண்ணி கோத்திருக்கு. இது வால்வு இல்ல."

பணியில் இருந்த டாக்டரைக் கூப்பிட்டேன். அவரும் தட்டிப் பார்த்தார், படம் எடுத்தார். அன்று சாயங்காலம் ஒரு லிட்டருக்கு மேல் நீர் எடுத்தார்கள். நோய் நுரையீரலைத் தொட்டுவிட்டது என்பது அதில் தெரிந்தது. ஆனாலும் அன்று அக்கா பல நாளுக்குப் பிறகு படுத்துத் தூங்கினார்.

நீர் எடுக்க அழைத்துப் போவதற்கு முன் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னை மன்னிச்சிட்டியாம்மா?"

அவள் யோசித்துத்தான் சொன்னாள். "இன்னும் இல்லக்கா. ஆனா வராமலும் இருக்க முடியல."

"அது போதும்" என்றார் அக்கா. பரீட்சையைப் பற்றி இருவருமே பேசவில்லை. அண்ணி வருவதற்குள் அவள் பேருந்துக்குக் கிளம்பிவிட்டாள்.

இருபத்து மூன்று நாள் கழித்துக் காலர் அக்கா போய்விட்டார். பகல் பதினோரு மணி. அண்ணி பக்கத்தில் இருந்தார். நான் அடுத்த கட்டிலில் ஒருவருக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். செய்தியைச் சொல்ல அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். "சரி சிஸ்டர்" என்றாள். அழுதாளா என்று தெரியவில்லை.

அதற்கடுத்த தேர்வுப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அவளுக்கு வேறு வார்டில் நோயாளி கிடைத்தார். அதனால் நான் பார்க்கவில்லை. முடிவு வந்த அன்று அழைத்தாள்.

"பாஸ் சிஸ்டர். சரியா எல்லைக்கோட்டு மார்க்தான்."

"உறுதியான்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. பயந்துட்டேன். நடுக்கத்தோடவே உறுதின்னு சொல்லிட்டேன்." பிறகு தயங்கிக் கேட்டாள். "அக்கா வீட்ல சொல்லிடறீங்களா? எனக்கு அங்க யாரையும் தெரியாது."

பணி முடிந்து நேராக அந்த வீட்டுக்குப் போனேன். இரண்டு அறை, ஒரு சமையலறை. சன்னலோரத்தில் தையல் இயந்திரத்தின் மேல் துவைத்த துணிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அண்ணி அடுப்பில் ஏதோ கிளறிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு பாஸாயிடுச்சுங்க" என்றேன். "சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அண்ணி கரண்டியோடு திரும்பினார். "எந்தப் பொண்ணு?"

அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. தேர்வில் நடந்தது, தலைவரைப் பார்க்கப் போனது, தொலைபேசி, அந்த மதியம், எதையுமே காலர் அக்கா வீட்டில் சொல்லியிருக்கவில்லை. நானும் ஊசிக் கதையோடு நிறுத்தியிருந்தேன். இனி மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

"அடுப்பை அணைச்சிட்டு உக்காருங்க" என்றேன்.

சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அண்ணி கரண்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டார். கடைசியில், "எல்லாருக்கும் நல்லவளா இருந்தே செத்தா. எனக்கு மட்டும் வேத்தாளாவே இருந்துட்டா" என்று சொல்லிவிட்டு முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டார். அண்ணன் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியவர், எங்கள் இருவரையும் பார்த்து அப்படியே நின்றார். அவரை உட்காரச் சொல்லி, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.